ஆசான் கைவைக்க மறுத்த கால்

எனக்கு வந்த நோயின் பெயரைத் தமிழில் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "காலில் ரத்தம் கட்டியிருக்கிறது" என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் பதற மாட்டார்கள். புளியையும் கல்லுப்பையும் கரைத்துக் கொதிக்கவைத்து, தாங்குகிற சூட்டில் பற்றுப் போடச் சொல்வார்கள். அடிபட்டுக் கன்றிப்போன இடத்துக்குப் பெயர் ரத்தக்கட்டு. கபடி ஆடுகிறவள் உடம்பில் அது எந்த நாளும் இரண்டு மூன்று கிடக்கும். எனக்கு வந்ததும் ரத்தம் கட்டியதுதான். ஆனால் தோலுக்கு அடியில் அல்ல. கெண்டைக்காலின் ஆழத்தில் ஓடுகிற சிரைக்குள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய்க்குள். அங்கிருந்து ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலுக்கும் போயிருந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் புழங்கியதில் எனக்கு ஐந்து நாள் வீணாயிற்று. ஆகவே இங்கே ரத்த உறைவு என்றே எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரிக் காலத்திலிருந்து கபடியில் ரைடர், எதிரணிப் பக்கம் மூச்சு விடாமல் பாடிப் போகிறவள். 2022 ஆகஸ்டில், எனக்கு 28 வயதாக இருந்தபோது, கோவையில் ஒரு போட்டிக்குப் போனோம். போட்டி நாளில் மாதவிலக்கு வரும் என்று கணக்கு சொன்னது. அணியில் பாதிப் பேர் செய்வதை நானும் செய்தேன். மெடிக்கல் ஷாப்பில் போய் "நாள் தள்ளிப்போக மாத்திரை" கேட்டேன். சீட்டு எதுவும் கேட்காமல் கொடுத்தார்கள். நோரெதிஸ்டிரோன், தினம் மூன்று வேளை, பதினொரு நாள் விழுங்கினேன். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் எங்கள் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகப் போடுகிற மாத்திரைதானே என்ற தைரியம்.

போகவும் வரவும் வேன். பத்து மணி நேரத்துக்கு மேல் முழங்காலை மடக்கிய இருப்பு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண் பயிற்சியாளர்கள் இதைக் கவனிப்பதே இல்லை: பெண்கள் அணி வேனில் போகும்போது தண்ணீர் குடிக்காது. வழியில் கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்று முதல் நாள் இரவிலிருந்தே வாயைக் கட்டிக்கொள்வோம். நானும் ஒரு பாட்டில் தண்ணீரை நாகர்கோவிலில் திறந்து திருநெல்வேலி தாண்டியும் முடிக்காதவள்தான்.

காலிறுதி ஆட்டத்தில் என் இடது கெண்டைக்காலில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் ஏறியது. கன்றியது. ஐஸ் வைத்தேன், ஆடினேன், தோற்றோம், வேன் ஏறினோம்.

திரும்பி வந்த இரண்டாம் நாள் கெண்டையில் ஒரு இழுப்பு. தசைப்பிடிப்பு மாதிரியேதான் இருந்தது; ஆனால் பிடிப்பு வரும் போகும், இது போகவில்லை. உள்ளே யாரோ ஈரத்துணியை முறுக்கி வைத்த மாதிரி ஒரு கனம். சக ஆட்டக்காரிகள் இருவர் காயத்திருமேனித் தைலம் போட்டு நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டார்கள். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு டாக்டரைப் பார்த்தேன். அடிபட்ட கால் என்றதும் தசைக் கிழிசல் என்று முடிவு செய்து, டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை எழுதி, ஒரு வாரம் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார். பயண விவரத்தையோ மாத்திரையையோ அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாள் தள்ளிப்போடும் மாத்திரை காலுக்குச் சம்பந்தப்பட்டது என்று எனக்கு எப்படித் தோன்றும்?

நான்காம் நாள் சாயங்காலம் அம்மை என்னை ஆசானிடம் கூட்டிப்போனாள். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: சுளுக்கு, முறிவு, வர்மம் எதுவானாலும் நமக்கு ஒரு ஆசான் இருப்பார். எங்கள் ஆசானுக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது. என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். எண்ணெய்க் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. இரண்டு கெண்டையிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு உழிச்சலை, எண்ணெய் போட்டு நீவிவிடுவதை, தொடங்காமல் எழுந்து போய் ஒரு நூல்கண்டு எடுத்து வந்தார். நோயைக் கணிக்க மணிக்கட்டில் நூல் சுற்றி விரற்கடையால், அதாவது விரல் அகலத்தால், அளக்கிற மணிக்கடை நூல் எங்களுக்குத் தெரியும். காலில் சுற்றி நான் பார்த்ததில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, வலது காலில் சுற்றி அறுத்தார். அதே உயரத்தில் இடது காலில் சுற்றி இன்னொன்று அறுத்தார். இரண்டு நூலையும் நுனி சேர்த்துத் தொங்கவிட்டார். இடது கால் நூல் இரண்டு விரற்கடை கூடுதலாகத் தொங்கியது.

"மக்களே, இதில் நான் கைவைக்க மாட்டேன். சூடு ஒரு காலில் மட்டும் நிற்கிறது. விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ."

"அடிபட்ட வீக்கம்தானே ஆசானே, லேசாக ஒரு உழிச்சல் போட்டால் போதும்."

"அடிபட்ட வீக்கம் பட்ட இடத்தில் நிற்கும். இது கணுக்கால்வரை இறங்கியிருக்கிறது."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு உழிச்சலுக்கு இத்தனை பிகுவா என்று அம்மையிடம் முணுமுணுத்தேன். அன்று இரவு இரண்டு மணிக்கு மூச்சை இழுக்கும்போது வலது விலாவில் ஊசி குத்துவதுபோல ஒரு வலி. எழுந்து கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் இரைத்தது. முப்பது விநாடி மூச்சு விடாமல் பாடுகிறவளுக்கு, பதினைந்து அடி நடந்து இரைப்பு. அப்போதுதான் பயந்தேன்.

அவசரப் பிரிவில் நாடித் துடிப்பு 92 என்று பார்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் இருக்கிறது என்றார்கள். என் பையில் பயிற்சிக் குறிப்பேடு இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும் நாடியை எண்ணி எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. என் எண்ணிக்கை 54, 56 என்றே இருக்கும். அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் அதை இரண்டு முறை பார்த்தார். அதன்பிறகுதான் கேள்விகள் சரியான திசைக்குத் திரும்பின. எத்தனை மணி நேரப் பயணம், என்ன மாத்திரை, வீட்டில் யாருக்காவது இப்படி வந்ததுண்டா. நாடா வைத்து அவர் அளந்தபோது கெண்டைச் சுற்றளவில் மூன்றரை செ.மீ. வித்தியாசம். 3 செ.மீ.க்கு மேல் போனால் அது மருத்துவர்கள் போடுகிற மதிப்பெண் கணக்கில் ஒரு புள்ளி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆசானின் நூலுக்கும் அவர்களின் நாடாவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற டாப்ளர் ஸ்கேனில் கால் சிரையில் உறைவு தெரிந்தது. சாய ஊசி போட்டு எடுத்த சிடி ஸ்கேனில் வலது நுரையீரலில் சிறிதாக ஒன்று.

விளையாட்டுக்காரர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சாதாரணமாக இருக்கிற எண் நமக்குச் சாதாரணம் அல்ல. உங்கள் ஓய்வு நாடி எத்தனை என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அதை மருத்துவரிடம் சொல்ல முடியும். இன்னொன்று எங்கள் தொழிலின் கோளாறு. கபடியில் நொண்டுகிறவளை அடுத்த ரைடிலேயே மடக்கிவிடுவார்கள். அதனால் நொண்டலை மறைப்பது எங்களுக்கு ஒரு வித்தை. பத்து வருடம் பழகிப் பழகி, நானே என் வலியை நம்பாத நிலைக்கு வந்திருந்தேன். மருத்துவரிடம்கூட "லேசாகத்தான் வலிக்கிறது டாக்டர்" என்று சொல்கிற ஆள் நான். அந்த வாய்தான் என்னை ஐந்து நாள் வீட்டில் படுக்கவைத்தது.

ஏன் எனக்கு வந்தது என்பதற்கு டாக்டர் மூன்று விரல் மடக்கிச் சொன்னார். ரத்தம் ஓடாமல் தேங்குவது, ரத்தக்குழாயின் உட்சுவர் அடிபடுவது, ரத்தமே சுலபமாக உறைகிற நிலைக்குப் போவது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ பெயரால் இன்றும் சொல்லப்படுகிற கணக்கு இது. வேனில் மடங்கிக் கிடந்தது முதலாவது. முழங்கால் ஏறியது இரண்டாவது. மாத்திரை மூன்றாவது, நோரெதிஸ்டிரோனில் ஒரு பங்கை உடம்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வகையாக மாற்றிக்கொள்கிறது, அது உறைவைத் தூண்டும். தண்ணீர் குடிக்காததையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை போட்ட எல்லோருக்கும் இப்படி வராது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. கடைக்காரரிடம் கேட்டு வாங்குகிற மாத்திரை அல்ல அது என்பது மட்டுமே நான் சொல்வது.

முதல் ஐந்து நாள் வயிற்றுத் தோலில், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி. பிறகு அதே வேலைக்கு ரிவரோக்சபான் மாத்திரை; 21 நாள் 15 மி.கி. இரண்டு வேளை, அப்புறம் 20 மி.கி. ஒரு வேளை. ஆறு மாதம். இது என் சீட்டு, வேறு யாருக்கும் ஆகாது. இந்த மாத்திரைகள் உறைவைக் கரைத்துவிடும் என்றே நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மேலும் வளராமல், புதிதாக வராமல் தடுத்து நிறுத்தும். இருப்பதை உடம்பு தன் வேகத்தில் அரித்துத் தீர்க்கும். அவசரப்பட்டு ஆவது ஒன்றுமில்லை என்பது இதிலிருந்தே புரிந்துவிடும். எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

நான் எடுத்த மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும், இல்லையென்றால் முழுதாக உடம்பில் சேராது. ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் முடித்த கையோடு போட்டுவிடுவேன். பரிசோதனைக்குப் போகும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவுக்கு வார்ஃபரின் என்ற வேறு வகை உறைவு தடுப்பு மாத்திரை. அவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை உண்டு, கீரையிலும் கவனம் வேண்டும். முருங்கைக்கீரையை அடியோடு விட்டுவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். விடச் சொல்லவில்லை, ஒரு வாரம் கட்டுக்கட்டாகத் தின்றுவிட்டு மறுவாரம் தொடாமல் இருக்காதீர்கள் என்றுதான் சொன்னேன் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

யாரும் எழுதாத ஒன்றை எழுதிவிடுகிறேன். உறைவு தடுக்கும் மாத்திரை எடுக்கும்போது மாதவிலக்கு வெள்ளமாக வரலாம். எனக்கு இரண்டாம் மாதம் ஒன்பது நாள் நின்றபாடில்லை. வெட்கப்பட்டு வாயை மூடியிருந்தேன். மாடிப்படியில் கண் இருட்டிய பிறகுதான் போய்ச் சொன்னேன். ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் வேறு சில ஏற்பாடுகளும் செய்தார்கள். நுரையீரல் இன்னும் தேறவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த களைப்பில் பாதி, ரத்தக்குறைவின் களைப்பு.

இனி, திரும்பி வந்த கதை. வீடு திரும்பிய மறுநாளே நடக்கலாம் என்றார்கள். படுத்தே கிடக்கக் கூடாது என்பது எனக்கு ஆச்சரியம். முதல் வாரம் முற்றத்தில், அடுத்த வாரம் தெருமுனைவரை. மூன்றாம் வாரத்திலிருந்து என் அளவுகோல் மாத்தூர் தொட்டிப்பாலம். 1966இல் கட்டி முடித்த பாலம், பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் கொண்டுபோகிறது. சுற்றுலா வருகிறவர்கள் மேலே நடந்து புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு வேண்டியது மேலே அல்ல, ஆற்றங்கரையிலிருந்து மேலே ஏறுகிற படிக்கட்டு. முன்பெல்லாம் மாணவிகளை ஒரே மூச்சில் ஓடி ஏறவைத்த படிகள். முதல் நாள் ஏழு முறை நின்றேன். அன்னாசித் துண்டு விற்கிற மாமி, "ஏன் பிள்ளே, உட்கார்ந்து போயேன்" என்றார். குறிப்பேட்டில் தேதியும் எத்தனை முறை நின்றேன் என்பதும் மட்டும் எழுதினேன். ஏழு, ஏழு, ஐந்து, ஆறு, நான்கு. இடையில் எண்ணிக்கை கூடிய நாளில் மனம் உடையாமல் இருக்க, வாரத்துக்கு ஒரு முறைதான் முந்தைய பக்கத்தைத் திருப்புவது என்று வைத்துக்கொண்டேன். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் அந்த மாதங்களில் என் உச்சவரம்பு. ஏழாம் வாரம் டாக்டர் அனுமதித்தபின் மெதுவோட்டம். நெஞ்சில் குத்தலோ தலைச்சுற்றலோ வந்தால் அன்றைக்கு அதோடு சரி, நேராக டாக்டர்.

கபடி மட்டும் கூடாது. மாத்திரை எடுக்கிற காலத்தில் மோதி விழுகிற எந்த ஆட்டமும் கூடாது. உள்ளே கசிந்தால் எளிதில் நிற்காது. ஆட்டக்கள மெத்தையில் தலை மோதினால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நான் விடவில்லை. "போட்டிக்கு முன்னால் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆடலாமா?" என்று கேட்டேன். "மாத்திரையை நிறுத்துகிற அந்த இரண்டு நாளில் உறைவு லீவு எடுக்காது" என்றார் டாக்டர். அவர் சொல்லித்தான் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையறாக்களை வீட்டிலிருந்தே அகற்றினேன்; இடுப்பில் ஊசி போட வந்தாலும், பல் பிடுங்கப் போனாலும் முதலில் மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு அட்டையில் எழுதி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகியிருந்தேன்.

ஆட முடியாத அந்த ஆறு மாதமும் விசில் ஊதினேன். நடுவராகக் கோட்டோரம் நின்றபோதுதான், நான் வலப்பக்கம் திரும்பும்போது தோளை முன்கூட்டியே சாய்த்துக் காட்டிக்கொடுக்கிறவள் என்பது, என்னைப்போலவே ஆடுகிற ஒரு பெண்ணைப் பார்த்துத் தெரிந்தது.

அப்போது மற்ற விளையாட்டுக்காரர்களைப் பற்றி நிறைய படித்தேன். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2011இல் நுரையீரலில் உறைவு. 2012இல் விம்பிள்டனையும் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார். 2017இல் குழந்தை பிறந்த மறுநாள் மூச்சு முட்டியபோது, தனக்கு என்ன ஆகிறது என்று அவருக்கே தெரிந்திருந்தது. சிடி ஸ்கேன் எடுங்கள் என்று அவர்தான் வற்புறுத்தினார், உறைவு இருந்தது. இதை எல்லோரும் எனக்கு அனுப்பினார்கள். கூடைப்பந்து வீரர் கிறிஸ் பாஷ் கதையை யாரும் அனுப்பவில்லை. 2015இல் அவருக்கும் நுரையீரலில் உறைவு, தேறி வந்தார், 2016இல் மறுபடியும் வந்தது, அதன்பின் அவர் ஆடவே இல்லை. அண்மையில் இன்னொரு கூடைப்பந்து வீரர் டேமியன் லில்லார்டு கெண்டைக்கால் உறைவிலிருந்து ஏறக்குறைய ஒரே மாதத்தில் களத்துக்கு வந்தார்; அது 2025இல். அதே ஆண்டு பிப்ரவரியில் கூடைப்பந்து வீரர் விக்டர் வெம்பன்யாமாவுக்குத் தோளில் உறைவு. அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்கள் முழுவதும் உட்கார்ந்துவிட்டு அடுத்த பருவத்தில்தான் வந்தார். உறைவு எங்கே, எதனால், மறுபடி வருமா என்பதைப் பொறுத்தே நாள் கணக்கு. அடுத்தவர் நாட்காட்டியை நம் சுவரில் மாட்டுவதில் பயனில்லை.

2023 பிப்ரவரியில் மறு ஸ்கேன் பார்த்து மாத்திரையை நிறுத்தினார்கள். காரணங்கள் மூன்றும் வந்துபோனவை, நிலையானவை அல்ல என்பதால் நிறுத்த முடிந்தது. இனி ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது. கர்ப்பம் என்றால் முதல் நாளே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு, நீண்ட பயணம் எது வந்தாலும் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நிறுத்திய நாளிலிருந்துதான் உண்மையான பயம் தொடங்கியது. மாத்திரை இருந்தவரை ஒரு காவல், இப்போது வெறுங்கால். கெண்டையில் எறும்பு ஊர்ந்தாலும் உறைவு என்று தோன்றும். இரவில் எழுந்து விளக்கைப் போட்டு இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒரு மாதத்தில் மூன்று முறை மருத்துவமனைக்கு ஓடினேன், மூன்று முறையும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறை வெட்கமாக இருந்தது. "ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ளவும் வரலாம்" என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மெல்ல ஒரு கணக்குப் பிடிபட்டது: பயிற்சி வலி இரண்டு காலிலும் வரும், இரண்டு நாளில் இறங்கும். ஒரு காலில் மட்டும் வீங்கி, சூடாகி, நாளுக்கு நாள் ஏறினால் அது வேறு. மூச்சிரைப்பு, மூச்சிழுக்கையில் நெஞ்சுக்குத்து, மயக்கம், இருமலில் ரத்தம் என்றால் கணக்கெல்லாம் கிடக்கட்டும், 108ஐ அழையுங்கள்.

மே மாதம் பள்ளி மைதானத்தில் என் முதல் ரைடு. எதிரே நின்றவர்கள் என் சொந்த மாணவிகள். கோட்டைத் தாண்டிப் பாடத் தொடங்கினேன். 30 விநாடி நேரத்தில் இருபதாவது விநாடி வாக்கில் பாட்டு அறுந்தது. பிடிபடவில்லை, மூச்சுதான் விட்டுப்போனது. ஒருத்தி ஓடி வந்து கையைப் பிடித்து, "டீச்சர், தண்ணீர் வேண்டுமா?" என்றாள். அடுத்த வாரம் ஒருத்தி என் கணுக்காலைப் பிடித்தாள், நான்கு பேர் மேலே விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் புழுதியும் வியர்வையுமாகக் கிடந்தபோது அப்படி ஒரு நிம்மதி.

இடது கெண்டை இன்றும் வலதைவிட அரை விரற்கடை பெரியது. நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் கனக்கும். அழுத்தக் காலுறை போட்டால் இதமாக இருக்கிறது, நம் ஊர் வெயிலில் அதைப் போடுவதுதான் தண்டனை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அளக்கிறேன், தையல்காரர் நாடாவால். ஆசானிடம் ஒரு தடவை போய்க் காட்டினேன். முன்பு இப்படி ஒரு காலை உழிந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

இப்போது எங்கள் பள்ளி வேன் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க்கில் நின்றே ஆக வேண்டும். ஏறும்போதே ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இறங்கியதும் குதிகாலை உயர்த்தி இறக்குவது முப்பது தடவை. ஓட்டுநர் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். விடட்டும்.

போன மாதம் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி தனியாக வந்து நின்றாள். போட்டி அன்றைக்கு நாள் வருமாம், மாத்திரை வாங்கலாமா என்று கேட்டாள். அவளையும் அவள் அம்மாவையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவள் சித்திக்குப் பிரசவத்துக்குப் பிறகு கால் வீங்கி ஊசி போட்ட கதை அங்கேதான் வெளியே வந்தது. டாக்டர் வேண்டாம் என்றார். கருப்பு அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு மாத்திரை இல்லாமல் ஆடினாள். அரையிறுதியில் தோற்றோம். திரும்பி வரும்போது வேன் நான்கு இடத்தில் நின்றது.